கேமராவுக்கு வினைல் ஸ்கின் ஒட்டுவது எப்படி? முதல்முறை ஒட்டுபவர்களுக்கு

கல்யாண வேலைக்கு மூன்று பேர் சேர்ந்து போனால், மண்டபத்து மேசையில் ஒரே மாதிரி மூன்று கறுப்புக் கேமரா பாடி வரிசையாகக் கிடக்கும். எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் ஆன் செய்து படங்களை ஓட்டிப் பார்க்க வேண்டும். கேமராவுக்கு ஸ்கின், அதாவது மேலே ஒட்டும் மெல்லிய வினைல் படலம், ஒட்டலாமா என்ற யோசனை பலருக்கும் இப்படி ஒரு நாளில்தான் வருகிறது. சிலருக்குப் புதுக் கேமராவில் கீறல் விழுந்துவிடுமோ என்ற கவலை. சிலருக்குக் கறுப்பு அலுத்துப்போயிருக்கும். பளபளப்பும் பெயரும் கண்ணை இழுக்கக் கூடாது என்று நினைப்பவர்களும் உண்டு. தெருவில் படம் எடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு டேப்பால் மூடி வைத்திருந்தார். இன்று நாம் ஒட்டும் ஸ்கின்னுக்கு அதையே முன்னோடி என்று சொல்லலாம்.

ஸ்கின் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பையின் ஜிப், பெல்ட் பக்கிள், கைக்கடிகாரம், கூடவே தொங்கும் இன்னொரு கேமரா ஆகியவற்றின் உரசலை அது தாங்கும். கீழே விழுந்தால் காப்பாற்றாது. மழைக்கும் தூசிக்கும் கேமராவில் ஏற்கெனவே உள்ள பாதுகாப்பைக் கொஞ்சம்கூடக் கூட்டாது. சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு படலத்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

முதல்முறை ஒட்டுகிற பெரும்பாலானவர்கள் பசையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள்: நன்றாக ஒட்டுமா, பிறகு உரிந்துவிடுமா என்று. நல்ல வினைலில் பசை பிரச்சினையே இல்லை. ஓரம் உரிவதற்குக் காரணம், ஒட்டும்போது நாம் அதை இழுத்ததுதான். வினைல் தன் பழைய அளவை மறக்காது. அளவு சரியாக வரவில்லையே என்று அரை மில்லிமீட்டர் இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். வெயிலில் ஒரு அவுட்டோர் ஷூட் முடிந்து வந்து பார்த்தால் அந்த ஓரம் சுருங்கிப் பின்னால் போயிருக்கும், நடுவில் பசைக் கோடு தெரியும். இந்தக் கட்டுரையில் வரும் படிகள் எல்லாமே ஒருவகையில், இழுக்க வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான்.

எந்த வினைல் வாங்குவது

கடையில் வினைல் இரண்டு வகையாகக் கிடைக்கும். ஒன்று காலெண்டர்டு. சூடான பிவிசியை உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தகடாக்குவது. அழுத்தி நீட்டப்பட்டதால் அந்த இழுவை அதற்குள்ளேயே தங்கியிருக்கும். நாளாக ஆகச் சுருங்கும். கடைப் பலகைக்கும் பைக் டேங்க் ஸ்டிக்கருக்கும் பெரும்பாலும் இதுதான். இன்னொன்று காஸ்ட். திரவ நிலையில் ஊற்றிப் பரப்பி உலர வைப்பது. உள்ளே இழுவை இல்லாததால் வளைவுகளில் படிந்து உட்காரும், சுருங்குவதும் மிகக் குறைவு. கேமராவுக்குக் காஸ்ட் வகை மட்டுமே வாங்குங்கள். 3எம் நிறுவனத்தின் 2080 வரிசை, ஏவரி டென்னிசனின் சுப்ரீம் ராப்பிங் ஃபிலிம் இரண்டும் கார்களின் மேல் ஒட்டி மூடுவதற்காக (கார் ராப்) செய்யப்படும் காஸ்ட் படலங்கள். தரமான கேமரா ஸ்கின் விற்பவர்கள் எந்தப் படலத்தில் வெட்டுகிறோம் என்பதைக் குறிப்பிட்டே விற்பார்கள். அந்தத் தகவலே இல்லாத மலிவான ஸ்கின் பெரும்பாலும் காலெண்டர்டாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வகைப் படலங்களின் பசைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வரிகள் வலைபோல ஓடுவது தெரியும். உள்ளே மாட்டும் காற்று வெளியேறுவதற்கான வாய்க்கால்கள் அவை. இதனால் குமிழ் வந்தாலும் விரலால் ஓரத்தை நோக்கித் தள்ளினால் போய்விடும். ஸ்டிக்கர் கடையில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் அதை முயலாதீர்கள். கேமராவில் ஒட்டுவது எப்போதும் உலர்ந்த முறைதான்.

நிறத்தில் ஒரு விஷயத்தைச் சிலர் யோசிப்பதில்லை. கண்ணைப் பறிக்கும் சிவப்போ மஞ்சளோ லென்ஸைச் சுற்றி இருந்தால், கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கும்போது அந்த நிறம் கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தில் விழும். நகை, பாத்திரம் போன்ற பளபளப்பான பொருள்களை அருகில் வைத்து எடுப்பவர்களுக்கும் இதே தொல்லை. அந்த வேலை அதிகம் செய்பவர்கள் முன்பக்கத்துக்கு மேட் கறுப்போ அடர் சாம்பலோ வைத்துக்கொண்டு, நிறத்தை மேல்பக்கத்திலும் பின்பக்கத்திலும் காட்டலாம். அடையாளத்துக்கு அதுவே போதும். வெயிலில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் நல்லது. கேனானின் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ்கள் வெள்ளையாக இருப்பதும் சூடு ஏறாமல் இருக்கத்தான். பளபளப்பான கிளாஸ் வகையில் கைரேகையும் சின்னக் கீறலும் உடனே தெரியும். முதல்முறைக்கு மேட் அல்லது லேசான சொரசொரப்பு உள்ள வகை எடுங்கள். சின்னப் பிழைகள் அதில் கண்ணுக்குத் தெரியாது.

வெட்டி வருவதா, நாமே வெட்டுவதா

முதல் கேமராவுக்கு, உங்கள் மாடலுக்கென்றே பிளாட்டரில் (கணினி வழி வெட்டும் இயந்திரம்) வெட்டிய ரெடிமேட் ஸ்கின்னை வாங்குங்கள். ஆனால் மாடல் பெயரைக் கடைசி எழுத்துவரை சரிபார்க்க வேண்டும். 2018இல் வந்த சோனி ஏ7 மார்க் 3-க்கும் 2021இல் வந்த மார்க் 4-க்கும் பாடி வேறு. முதலாவதில் திரை மேலும் கீழும் மட்டுமே சாயும், இரண்டாவதில் பக்கவாட்டில் திறந்து சுழலும். கேனான் ஆர்6, ஆர்6 மார்க் 2 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், ஆன்-ஆஃப் ஸ்விட்ச் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விட்டது. ஒன்றின் மேல்தட்டுத் துண்டு மற்றொன்றில் உட்காராது. தம்பி கேமராவுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது, இதற்கும் பொருந்திவிடும் என்று தொடங்கினால், பாதியில் இழுக்க ஆரம்பித்துவிடுவோம்.

உங்கள் மாடலுக்கு ரெடிமேட் கிடைக்கவில்லை என்றால் நாமே அச்சு எடுக்கலாம். மூட வேண்டிய பரப்பின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி ஒட்டி, ஓரங்களையும் பட்டன் ஓட்டைகளையும் கூர்மையான பென்சிலால் தடவிக் கோடு எடுங்கள். டேப்பை ஒரே தாளாக உரித்து மெல்லிய அட்டையில் ஒட்டி, கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டினால் அதுதான் அச்சு. அந்த அட்டையைக் கேமராவில் வைத்துப் பார்த்துத் திருத்திய பிறகே வினைலில் கை வைக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் கேமராவின் மேல் வைத்துக் கத்தி போடாதீர்கள். பிளேடு வினைலைத் தாண்டிப் பெயிண்டில் இறங்குவது கைக்குத் தெரியவே தெரியாது.

இதற்காக முழு ரோல் வாங்கத் தேவையில்லை. சென்னையில் ஜி.பி. ரோடு மாதிரி கார் அலங்காரக் கடைகள் உள்ள பகுதியில், "அண்ணே, கார் ராப் பண்ணின காஸ்ட் வினைல்ல கட்பீஸ் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கார் பானெட்டில் மிஞ்சிய துண்டு இரண்டு கேமராவுக்குப் போதும். வாங்கும் முன் ஒரு மூலையை விரலால் மெல்ல இழுத்து, ஹேர் டிரையர் இருந்தால் காட்டிப் பாருங்கள். இழுத்த இடம் சூட்டில் பழையபடி சுருங்கித் தட்டையாகிவிட்டால் நல்ல சரக்கு.

எங்கெல்லாம் ஒட்டக் கூடாது

உறையைப் பிரிக்கும் முன் கேமராவைக் கையில் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு சுற்று மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நாம் தினமும் தொடும் பொருள்தான். ஆனால் எத்தனை சின்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று கவனித்திருக்க மாட்டோம். மைக் ஓட்டைகள் பல மிரர்லெஸ் கேமராக்களில் வியூஃபைண்டர் மேட்டின் (கண் வைத்துப் பார்க்கும் பகுதி மேல்தட்டில் எழும்பி நிற்கும் இடம்) அருகே ஊசிமுனை அளவில் இருக்கும். ஸ்பீக்கர் ஓட்டைகள் பக்கவாட்டில். முன்பக்கம் ஃபோகஸுக்கு உதவும் சின்ன விளக்கு. சில மாடல்களில் ரிமோட்டுக்கான இன்ஃப்ராரெட் ஜன்னல். வியூஃபைண்டருக்குப் பக்கத்தில், கண் நெருங்கியதை உணரும் சென்சார். இவற்றில் எது மூடினாலும் ஏதாவது ஒரு வேலை நின்றுபோகும். கண் சென்சார் பாதி மறைந்தால் திரை தானாக அணைந்துகொண்டே இருக்கும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோவோம்.

உள்ளே விசிறி உள்ள பாடிகளில் காற்றுப் போகும் வழியை மூடவே கூடாது. சோனி எஃப்எக்ஸ்3, பானாசோனிக் எஸ்1ஹெச், கேனான் ஆர்5 சி ஆகியவை இந்த வகை. பானாசோனிக் எஸ்5 மார்க் 2-இல் அந்த வழி வியூஃபைண்டர் மேட்டின் அடியிலேயே ஒளிந்திருப்பதால் பலர் அதை வடிவமைப்பு என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஹாட்ஷூ (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்), லென்ஸ் மவுண்ட் வளையம் (லென்ஸ் பொருந்தும் வளையம்), லென்ஸ் ரிலீஸ் பட்டன், ஸ்ட்ராப் வளையம் மாட்டும் காது ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மேல்தட்டில் வட்டத்தைக் கோடு வெட்டும் ஒரு குறி இருக்கும். சென்சார் இருக்கும் தளத்தைக் காட்டுவது அது. நெருக்கமான மேக்ரோ வேலையிலும் சினிமாவிலும் தூரத்தை அங்கிருந்துதான் அளப்பார்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் அதற்கு ஒரு சின்ன ஜன்னல் விடலாம்.

அடிப்பக்கம் பற்றி என் கருத்து தெளிவானது: டிரைபாடும் ஜிம்பலும் (வீடியோ நடுங்காமல் இருக்கக் கேமராவை மாட்டும் கருவி) தினமும் பயன்படுத்துபவர்கள் அடிப்பக்கத் துண்டை ஒட்டவே வேண்டாம். அவற்றில் மாட்டுவதற்காகக் கேமராவின் அடியில் திருகும் குயிக் ரிலீஸ் பிளேட்டை இறுக்கும்போது அந்த அழுத்தத்தில் வினைல் நகரும், பசை பிதுங்கும், பிளேட் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். செங்குத்தாகக் கேமராவைக் கவிழ்க்கும் வேலையில் இது ஆபத்து. அடிப்பக்கத்தில்தான் பல கேமராக்களில் சீரியல் எண்ணும் இருக்கும். வெளிநாட்டுக்குக் கேமராவோடு போகிறவர்கள், திரும்பி வரும்போது சுங்கவரிக் கேள்வி வராமல் இருக்க, புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அங்கே சீரியல் எண்ணைத்தான் பார்ப்பார்கள். எப்படியும் ஒட்டத்தான் போகிறேன் என்றால் அந்த எண் தெரிய இடம் விட்டு ஒட்டுங்கள், முன்னதாக அதை ஒரு படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிப் ரப்பர் தனிக் கதை. ரப்பரின் சொரசொரப்பில் பசைக்குப் பிடிமானம் குறைவு. அதோடு ரப்பரிலிருந்து காலப்போக்கில் கசியும் எண்ணெய்ப் பொருள் பசையை இளக்கிவிடும். பழைய பாடிகளில் கிரிப் வெள்ளை பூத்திருப்பதையும் உப்பிக் கழன்றிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அப்படி உப்பிய ரப்பரின் மேல் ஸ்கின் ஒட்டினால், நாளை ஸ்கின்னை உரிக்கும்போது ரப்பரும் கூடவே வரும். ரப்பரை முதலில் மாற்றுங்கள், அல்லது அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். கை வியர்க்கும் ஊரில் கிரிப்பில் கம்பெனி ரப்பரே இருப்பது பிடிப்புக்கும் நல்லது.

தயாரிப்பு

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத இரண்டு மைக்ரோஃபைபர் துணி, காற்று ஊதும் பிளோயர், கூர்முனை ட்வீசர், ஹேர் டிரையர், துணி சுற்றிய ஒரு பழைய ஏடிஎம் கார்டு, சில பல்குச்சிகள். ஹீட் கன் வேண்டாம்.

அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள். விசிறி சுற்றும் அறையில் பசையை விரித்தால் ஒரு நிமிடத்தில் நூலும் முடியும் வந்து உட்காரும். ஏசி இருந்தால் நல்லது. சித்திரை மாத மதியத்தில், 35 டிகிரிக்கு மேல் உள்ள அறையில், பசை தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், திருத்த விடாது. அறை 20 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் கை நிதானமாக வேலை செய்யும். காலையில் வையுங்கள் இந்த வேலையை.

பேட்டரியை எடுத்துவிட்டுக் கதவை மூடுங்கள். லென்ஸைக் கழற்றி, அந்த இடத்தை மூடும் பாடி கேப் போடுங்கள். ஸ்ட்ராப்பை முழுதாகக் கழற்றிவிடுங்கள்; வளையம் ஆடிக்கொண்டு நடுவில் வந்து விழும். முதலில் பிளோயரால் ஊதி மண்ணை விரட்ட வேண்டும். மண் இருக்கும்போதே துடைத்தால் துணியே கீறும். பிறகு ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கேமராவின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. விரல் அதிகம் படும் வலது மேல்புறத்திலும் வியூஃபைண்டரைச் சுற்றியும் முகத்து எண்ணெய் படிந்திருக்கும், அங்கே இரண்டு முறை. கை கழுவும் சானிடைசரில் ஈரப்பதத்துக்கான கிளிசரின் கலந்திருக்கும், அது பசைக்கு எதிரி. நகப்பூச்சு நீக்கி, தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். பல நகப்பூச்சு நீக்கிகளில் உள்ள அசிட்டோன், பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

அடுத்து, பின்தாளை உரிக்காமலே ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். எந்தத் துண்டு எங்கே, எந்த முனை மேலே, எந்த ஓட்டைக்குள் எந்த பட்டன் என்பதெல்லாம் பசை திறக்கும் முன்பே கைக்குப் பழகியிருக்க வேண்டும். இடப்பக்கத் துண்டும் வலப்பக்கத் துண்டும் சில நேரம் கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றாகத் தெரியும். மேசையில் கேமராவைச் சுற்றி, எந்தெந்தத் துண்டு எந்தப் பக்கத்துக்கோ அந்தப் பக்கத்திலேயே பரப்பி வைத்தால் குழப்பமே வராது. ஏதாவது ஒரு துண்டு பெரிதாகவோ சின்னதாகவோ இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். சின்னதாக இருந்தால் அப்படியே சின்னதாகவே ஒட்ட வேண்டும், ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் தெரியட்டும்.

ஒட்டும் வரிசை

வளைவு இல்லாத, சின்னத் துண்டில் தொடங்குங்கள். சுழலும் திரை உள்ள கேமராவில் திரையின் பின்புறம் இதற்கு ஏற்றது. மேல்தட்டின் இடப்பக்கம் டயல் எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் அதுவும் நல்ல இடம். வினைலின் குணம் கைக்குப் பிடிபட்ட பிறகு முன்பக்கம், அதன் பிறகு வலப்பக்க மேல்தட்டு, கடைசியாக வியூஃபைண்டர் மேடு.

துண்டைப் பின்தாளிலிருந்து உரிக்கும்போது வினைலை இழுக்காமல் தாளைக் கீழ்நோக்கி மடக்கி விடுவியுங்கள். சொல்லப்போனால் முதல் இழுவை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. குறுகலான பட்டைகள் இந்த இடத்திலேயே ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிடும். ட்வீசரால் ஒரு மூலையை மட்டும் பிடித்து, பசைப் பக்கம் விரல் படாமல் தூக்குங்கள்.

கேமராவில் வைக்கும்போது அழுத்த வேண்டாம். இவ்வகைப் பசை அழுத்தம் பட்டால்தான் வேலையைத் தொடங்கும். மேலோட்டமாக மிதக்க விட்டு, ஓட்டைகள் பட்டன்களுக்கு நேராக வருகின்றனவா, நாலு பக்கமும் இடைவெளி சமமா என்று பாருங்கள். சரியில்லை என்றால் தூக்கி மறுபடி வையுங்கள். சரியாக வந்ததும் நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, அங்கிருந்து ஓரங்களுக்குத் துணி சுற்றிய கார்டால் தேய்த்துக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் காற்று உள்ளே சிக்கும்.

முன்பக்கத் துண்டில் ஒரு சூட்சுமம் உண்டு. பலரும் வெளி ஓரத்தை வைத்து நேர்படுத்துகிறார்கள். மவுண்ட் வளையத்தைச் சுற்றிய வட்டத்தை வைத்து நேர்படுத்துங்கள். பார்ப்பவர் கண் முதலில் போவது அந்த வட்டத்துக்குத்தான். ஒரு பக்கம் இடைவெளி கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் இருந்தால் பளிச்சென்று தெரியும். வெளி ஓரத்தில் அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பேட்டரி கதவு, மெமரி கார்டு கதவு ஆகியவற்றின் மேல் ஒரே துண்டாக ஓட விடாதீர்கள். கதவுக்குத் தனித் துண்டு, பாடிக்குத் தனித் துண்டு. நடுவே கதவைச் சுற்றிய இடைவெளி அப்படியே திறந்திருக்க வேண்டும். திரையின் கீல் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டராவது தள்ளி நிறுத்துங்கள்; அங்கே 0.1 மில்லிமீட்டர் கூடினாலும் திரை மூடும்போது உரசி, முதலில் சுருளும் ஓரம் அதுவாகத்தான் இருக்கும்.

வியூஃபைண்டர் மேடு

கஷ்டமான இடம் இது ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். முன்னே சரிவு, இரு பக்கமும் வளைவு, மேலே ஹாட்ஷூ. தட்டையான ஒரு படலம் இரண்டு திசையில் ஒரே நேரத்தில் வளையும் இடத்தில் எங்காவது மடிப்பு விழுந்தே தீரும். அதனால்தான் இந்தத் துண்டில் வெட்டுக்கீற்றுகள் விட்டிருப்பார்கள்.

முதலில் துண்டைக் கையில் பிடித்தபடி ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளி வைத்து, நாலைந்து நொடி சூடு காட்டுங்கள். தாள்போல விறைப்பாக இருந்தது துணிபோலத் துவளும். சூட்டைக் கேமராவுக்குக் காட்டாமல் வினைலுக்குக் காட்டுவதுதான் இங்கே முக்கியம். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 40 டிகிரிவரைதான் இயக்கலாம் என்று போட்டிருக்கும். கார் ராப் செய்பவர்கள் கடைசியில் ஓரங்களை 90 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே செய்தால் திரைக்கும் ரப்பரின் பசைக்கும் கேடு.

பெயர் பொறித்த முன்சரிவின் நடுவை மட்டும் முதலில் ஒட்டுங்கள். பெயரைச் சுற்றி ஜன்னல் வெட்டிய துண்டாக இருந்தால் எழுத்து நடுவில் சரியாக வருகிறதா பாருங்கள். அது நிலைத்த பிறகு ஒரு பக்கச் சரிவு, பிறகு அடுத்த பக்கம். மேல் முனைக்கு வரும்போது மூலையில் ஒரு சின்ன மடிப்பு எழும்பும். அதை நகத்தால் அழுத்தித் தேய்க்கத்தான் கை போகும். தேய்த்தால் அது நிரந்தரமாக வெள்ளைக் கோடாகிவிடும். மடிப்பு இருக்கும் இடத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தூரத்துக்குத் துண்டைத் திரும்பத் தூக்குங்கள். தூக்கிய பகுதிக்கு மட்டும் இரண்டு நொடி சூடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடிப்பு தானாகத் தளர்ந்து மறையும். உடனே கட்டைவிரலின் சதைப்பகுதியால், நடுவிலிருந்து மூலையை நோக்கி, இழுக்காமல் படிய வையுங்கள். ஒரு பெரிய மடிப்பாக வந்தது இப்போது இரண்டு மூன்று மிகச் சின்ன அலைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தூக்கி, சூடு காட்டி, படிய வைத்தால் போய்விடும். விரல் பொறுக்காத சூடு என்றால் கேமராவுக்கும் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முறைக்கு மேல் தூக்கி ஒட்டியும் அடங்காத மூலை இருந்தால், தொடர்ந்து போராடாமல் மடிப்பின் நுனியில் ஒரு சின்னக் கீற்று வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய விடுங்கள். துண்டைத் தூக்கிப் பிடித்து நுனிக் கத்தரியால் வெட்ட வேண்டும், கத்தியால் அல்ல. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கோடு தெரியும்.

ஓரங்களும் முதல் நாளும்

எல்லாத் துண்டும் ஒட்டியான பிறகு ஓரங்களை மட்டும் ஒரு சுற்று வாருங்கள். பல்குச்சியின் மழுங்கிய பக்கத்தால் டயலின் அடி, பட்டன்களைச் சுற்றிய வளையம், ஸ்ட்ராப் காதின் பக்கம் என்று விரல் நுழையாத இடங்களை அழுத்துங்கள். காற்றுக் குமிழ் ஏதாவது அசையாமல் நின்றால், மெல்லிய ஊசியைப் படுக்கைவாட்டில் சாய்த்து ஒரு குத்து குத்தி விரலால் அமுக்கினால் போதும்.

பிறகு 24 மணி நேரம் கேமராவைத் தொடாதீர்கள், முடிந்தால் 48. பசை முழுப் பலத்துக்கு வர அவ்வளவு நேரம் எடுக்கும். மறுநாள் கல்யாணம் இருக்கும்போது முந்தின இரவு உட்கார்ந்து ஒட்டுவது வேண்டாத வேலை. கேமராவைத் திரும்ப எடுத்ததும் முதலில் எல்லா பட்டனையும் அழுத்தி, டயலைச் சுற்றி, ஒரு வீடியோ எடுத்து ஒலி சரியாகப் பதிவாகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மைக் ஓட்டை மூடியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அன்றாடப் பராமரிப்பு பெரிதாக இல்லை. வியர்வை பட்டால் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். வெளியூரில் காட்டுப்பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: டீட் என்ற ரசாயனம் உள்ள கொசு விரட்டி பிளாஸ்டிக்கையும் வினைலையும் இளக்கும். அதைப் பூசிய கையோடு கேமராவைப் பிடித்தால் விரல் தடம் அப்படியே பதிந்துவிடும். பூசியபின் உள்ளங்கையைக் கழுவிவிட்டுக் கேமராவை எடுங்கள்.

பழைய ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் இந்த முறையைப் பின்பற்ற வேண்டாம். பென்டாக்ஸ் கே1000 மாதிரியானவற்றில் உடம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் தோல் மாதிரியான உறையின் மேல் வினைல் பிடிக்காது. அங்கே பழைய உறையை உரித்து, அதன் இடத்தில் அளவாக வெட்டிய புதிய உறையை ஒட்டுவதுதான் முறை. ஜப்பானின் அகி-அசாஹி போன்றவர்கள் மாடல் வாரியாக அதை வெட்டித் தருகிறார்கள். நிக்கான் இசட் எஃப்சி, இசட் எஃப் இரண்டிலும் நிறுவனமே வண்ண உறைகளோடு விற்றிருக்கிறது.

கழற்றும்போது

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் ஸ்கின்னைக் கழற்றிவிடுவது நல்லது. பாடியைத் திறக்கும் திருகுகள் பல அடித்தட்டிலும் ரப்பருக்கு அடியிலும் இருக்கும். அவசரத்தில் யாராவது கத்தியால் கிழித்தால் பெயிண்டும் போகும். செகண்ட் ஹாண்டில் ஸ்கின் ஒட்டிய கேமரா வாங்குகிறீர்கள் என்றால், விற்பவரிடம் கேட்டு மூலைகளை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். விழுந்த தடம் பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும், நல்ல ஸ்கின் அதை முழுதாக மறைத்துவிடும்.

உரிப்பதற்கும் சூடுதான் வழி. ஓரத்தைச் சில நொடி சூடாக்கி, ட்வீசரால் நுனியைக் கிளப்பி, மேல்நோக்கிப் பிடுங்காமல், துண்டைத் தன் மேலேயே மடக்கியதுபோலப் பின்னுக்கு மெதுவாக இழுங்கள். பொறித்த எழுத்துகள் இருக்கும் இடத்தில் இன்னும் மெதுவாக. எழுத்துக்குள் நிரப்பிய வெள்ளைப் பெயிண்ட் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் பசையோடு வரும். சில கேமராக்களில் கொஞ்சம் பசை மிஞ்சும். உரித்த வினைலின் பசைப் பக்கத்தையே அதன்மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் பாதி போய்விடும். மீதியை ஆல்கஹால் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்திருந்து துடையுங்கள். பட்டன் இடுக்கில் உள்ளதைப் பல்குச்சியில் துணி சுற்றி எடுக்கலாம்.